மினியேச்சர் பொம்மைகளைப் பெயிண்ட் அடிக்கக் கொடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்: என் 33,500 ரூபாய் போச்சு

நேற்று சாயங்காலம் தக்கலையில் கூரியர் பெட்டியை வாங்கி வந்து பிரித்ததிலிருந்து தூக்கமே இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வார்ஹாமர் 40,000 (சின்னப் பொம்மைப் படைகளை மேஜையில் வைத்து ஆடும் போர் விளையாட்டு) ஆடுகிறவர்களுக்குத் தெரியும், ஒரு படை சேர்ப்பது எவ்வளவு பெரிய பாடு என்று. இரண்டு வருஷம் ஓவர்டைம் பார்த்து ஸ்பேஸ் மரீன் என்ற வீரர்களின் பெட்டிகள் மூன்று வாங்கினேன், 19,500 ரூபாய். மொத்தம் 30 பேர். பிளட் ஏஞ்சல்ஸ் என்ற அணியின் சிவப்பில் நானே அடிப்பதாகத்தான் இருந்தேன். ஆனால் நம்ம குமரி மாவட்டத்தில் ஆனி ஆடிச் சாரல் ஒரு பக்கம், ஐப்பசி மழை இன்னொரு பக்கம். பழைய பொம்மை ஒன்றில் ஈரக்காற்றில் ஸ்ப்ரே பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்துப் பார்த்தேன். மணல் ஒட்டியது மாதிரி பொரபொரவென்று ஆகிவிட்டது. அதோடு பயம் வந்துவிட்டது.

அப்போதுதான் ஒரு வாட்ஸ்அப் குழுவில் அந்த ஆள் கிடைத்தார். வெளி மாவட்டம். ஒட்டி, பெயிண்ட் அடித்துத் தருகிற வேலை. வீடியோ காலில் வந்து பெயிண்டைக் காற்றால் தெளிக்கும் ஏர்பிரஷ், அதற்கான கம்ப்ரஸர் எல்லாம் காட்டினார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "உங்க ஊர் மழையில பிரைமர் பூத்துப் போயிரும் தம்பி, எங்கிட்ட அனுப்புங்க" என்றார். என் மேஜையில் நடந்ததை அப்படியே சொல்கிறாரே என்று அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். கூலி 14,000 ரூபாயை யூபிஐயில் அன்றைக்கே மொத்தமாகப் போட்டேன். அம்மா மட்டும் சொன்னாள், "ரூவாய மொத்தமா குடுக்காண்டாம் மக்களே." கேட்கவில்லை.

ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) வெட்டாமலே 29 பேரை அனுப்பினேன். ஒருவனை மட்டும் நானே அடித்துப் பழக வைத்துக்கொண்டேன். ஆறு வாரம் என்றவர் ஐந்து மாதம் இழுத்தார். கம்ப்ரஸர் ரிப்பேர், மாமியாருக்கு ஆபரேஷன், பெயிண்ட் வரவில்லை என்று ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம்.

வந்ததைப் பார்த்தேன். தண்ணீர் கலக்காத சிவப்பை அப்பியிருக்கிறார். மார்பில் இருக்கும் கழுகின் இறகுகள் மூடிப்போய் வெறும் மேடாக நிற்கின்றன. அது போகட்டும், சுரண்டி எடுத்துவிடலாம். ஒருவனுடைய கை ஒடிந்து கிடந்தது. பிளாஸ்டிக் பசை போட்டு வைத்தேன். இந்தப் பசை அசல் பிளாஸ்டிக்கை உருக்கி ஒன்றாக்கிவிடும். காலையில் தொட்டதும் கை கழன்று விழுந்தது. ஒடிந்த இடத்தில் ஊசி முனை அளவுக்குக் காற்றுக்குமிழி ஓட்டைகள். வீட்டில் இருந்த அசலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், தோள்பட்டை விளிம்புகூட இவற்றில் மழுங்கித்தான் இருக்கிறது. இந்தப் பசை பிடிக்காத ரெசினில் வார்த்த போலி! நான் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்த ஏழு பொம்மைகளும் அப்படித்தான். என் அசல் பெட்டிகளை எடுத்துக்கொண்டு போலியை அனுப்பியிருக்கிறார்.

இன்று காலை கூப்பிட்டேன். "எல்லாம் பிளாஸ்டிக்தான் தம்பி" என்றார். படம் அனுப்பினேன், "கூரியர்காரன்கிட்ட கேளுங்க" என்றார். "என் ஸ்ப்ரூ சட்டங்களையாவது அனுப்புங்க அண்ணே" என்றேன். நீல டிக் விழுந்தது, பத்து நிமிஷத்தில் பிளாக். 33,500 ரூபாய். பணத்தை விட, அந்தப் பெட்டிகளை நான் ஒருநாள்கூட ஆசை தீர வெட்டி ஒட்டவில்லையே என்பதுதான் தாங்கவில்லை.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. முழுப்பணம் முன்னால் கொடுக்காதீர்கள். அனுப்பும் முன் ஒவ்வொரு ஸ்ப்ரூவையும் படம் எடுங்கள், வெட்டிய சட்டத்தைத் திருப்பிக் கேளுங்கள். கூரியர் பெட்டியை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள், நான் எடுக்கவில்லை. பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். நான் மதியம் புகார் கொடுத்துவிட்டேன்.

அந்த ஆள் வேறு பெயரில், வேறு நம்பரில் வரலாம். "உங்க ஊர் மழையில பிரைமர்" என்று யாராவது பேச்சைத் தொடங்கினால், பணம் போடும் முன் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்.