ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் வாங்கப் போகிறீர்களா, முதலில் அடியில் இருக்கும் எண்ணைப் பாருங்கள்

சென்னை ரிச்சி தெருவில் ஆப்பிளின் பழைய வைஃபை ரௌட்டரான ஏர்போர்ட் எக்ஸ்பிரஸைத் தேடி அலைகிறவர்கள் காசை எடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் 4,200 ரூபாயைக் கொடுத்து ஏமாந்த பிறகு எழுதுகிறேன்.

வீட்டு ஹாலில் அப்பாவின் பழைய ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. ப்ளூடூத் எல்லாம் கிடையாது, பின்னால் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஓட்டைதான். சமையலறையில் ஒரு ஏர்ப்ளே 2 ஸ்பீக்கர், அதாவது ஐபோன் பாட்டை வைஃபை வழியாக ஒரே நேரத்தில் பல ஸ்பீக்கர்களுக்கு அனுப்புகிற ஆப்பிள் வசதி உள்ளது. ஐபோனில் பாட்டைப் போட்டால் இரண்டிலும் ஒன்றாகக் கேட்க வேண்டும், ஊருக்குப் போனால் பையில் போட்டுக்கொண்டு போய் லாட்ஜில் லேன் வயரைச் சொருகி வைஃபை ஆக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. ஆப்பிளின் இந்தக் குட்டி ரௌட்டரில் ஆடியோ ஜாக் உண்டு. 2018 ஏப்ரலில் ரௌட்டர் வியாபாரத்தையே விட்டுவிடுவதாக ஆப்பிள் சொல்லிவிட்டதால் இப்போது செகண்ட் ஹேண்டில்தான் தேட வேண்டும். கூத்து என்னவென்றால், கடையைக் கட்டிய அதே வருடம் ஆகஸ்டில் ஒரு ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் விட்டு இதற்கு ஏர்ப்ளே 2 கொடுத்தார்கள். ஆனால் 2012இல் வந்த மாடலுக்கு மட்டும். எனக்கு அது தெரியாது. கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

நான் போனில் வைத்திருந்த படத்தில் இருந்தது சதுரமான, தட்டையான பெட்டி. அவர் எடுத்துக் கொடுத்தது லேப்டாப் சார்ஜர் மாதிரி, சுவரிலேயே நேராகச் சொருகுகிற வெள்ளைக் கட்டி. வேறாக இருக்கிறதே என்று கேட்டேன். “எல்லாம் ஒண்ணுதான் சார், இது இன்னும் காம்பாக்ட், வயர் தொல்லையே இல்ல, ஏர்ப்ளே 2 சூப்பரா ஓடும்” என்றார். ஸ்பைக் பஸ்டரில் சொருகிப் பச்சை விளக்கு எரிவதைக் காட்டினார். பச்சை விளக்கைப் பார்த்ததும் நானும் தலையாட்டிவிட்டேன், அதுதான் என் புத்தி.

வீட்டுக்கு வந்தால் முதல் வேலையாக அது சுவரில் நிற்கவில்லை. அமெரிக்கத் தட்டைப் பின், நம் ஊர் பிளக்குக்கு அடாப்டர் போட்டால் கனம் தாங்காமல் தொங்குகிறது. சரி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் படுக்க வைத்தேன். பாட்டு ஓடியது, பொய் சொல்லக் கூடாது, ஆம்ப்ளிஃபயரில் நன்றாகவே கேட்டது. ஆனால் சமையலறை ஸ்பீக்கரையும் சேர்த்துத் தொட்டால் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது மற்றது போய்விடுகிறது. ஒரு மணி நேரம் ரீசெட் செய்து, ஐபோனைத் திட்டி, கடைசியில் டார்ச் அடித்துப் பொடி எழுத்தைப் படித்தேன்: ஏ1264. 2008 மாடல்.

இதே பெயரில் 2004, 2008, 2012 என்று மூன்று தலைமுறை வந்திருக்கிறது. முதல் இரண்டும் சுவரில் சொருகுகிறவை, லேன் வயர் சொருக ஒரே ஒரு ஈதர்நெட் போர்ட். உங்களுக்கு வேண்டியது 2012 மாடலான ஏ1392. அதற்குத் தனி பவர் வயர், பின்னால் இரண்டு ஈதர்நெட் போர்ட், 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு வைஃபை அலைவரிசையும் ஒரே நேரத்தில் ஓடும். 2008 மாடலில் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். ஆனால் ஏ1392 கிடைத்தாலும் அதை வீட்டின் மெயின் ரௌட்டராக ஆக்கிவிடாதீர்கள். போர்ட் 100 எம்பிபிஎஸ்தான், 200 எம்பிபிஎஸ் ஃபைபர் போட்டிருந்தால் பாதி இங்கேயே நின்றுவிடும். பாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு போன்காரர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம், செட்டப் செய்வதற்கே ஐபோனோ மேக்கோ விண்டோஸ் கம்ப்யூட்டரோ வேண்டும்.

மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனேன். முந்தின நாள் டீ வாங்கிக் கொடுத்த மனிதர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. “ஆன் ஆகுதுல்ல? அப்புறம் என்ன கம்ப்ளெயிண்ட்?” பில்லை நீட்டினேன். அதில் ‘வைஃபை ஐட்டம் 1’ என்று மட்டும் இருக்கிறது, மாடல் எண்ணே இல்லை, கீழே ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று ரப்பர் ஸ்டாம்ப். வாங்கும்போதே மாடல் எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லியிருந்தால் அவர் அப்போதே நெளிந்திருப்பார். அந்த ஸ்டாம்பைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம்.

அன்று சாயங்காலமே தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து புகார் பதிந்தேன். பில் போட்டோவோடு, வாங்குவதற்கு முன் வாட்ஸ்அப்பில் “ஏர்ப்ளே 2 யெஸ் சார்” என்று அவர் அனுப்பியிருந்ததையும் சேர்த்துக் கொடுத்தேன். நேற்று கடையிலிருந்து போன். பாதிப் பணம் தருகிறாராம், புகாரை வாபஸ் வாங்க வேண்டுமாம். முழுசாக 4,200 கையில் வந்தால் பேசலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.