எச்.பி.42 மாடல்: நூல் கட்டாமல் தப்பித்தேன்
பாகங்களை ஒட்டிச் செய்யும் இந்த எச்.பி.42 விமான மாடல், பழைய மாடல்கள் விற்கும் கடையில் 1:144 அளவில் (நிஜத்தில் 144-இல் ஒரு பங்கு) கிடைத்தது. பெட்டி நசுங்கியிருந்தாலும் பாகங்கள் எல்லாம் சரியாக இருந்தன. 1931-இல் பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் பறக்கவிட்ட பயணிகள் விமானம் இது. மேல் இறக்கையில் இரண்டு என்ஜின், கீழே இரண்டு. இரட்டை இறக்கை மாடல் என்றாலே, இறக்கைகளை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளுக்குப் பதிலாக நூல் கட்டிக் கண் போய்விடும். இதில் இறக்கைகளுக்கு நடுவே உள்ள சாய்வான தாங்கிகளே பாரத்தைச் சுமப்பதால் அந்த வேலை இல்லை. அப்பாடா! ஆனால் அந்தத் தாங்கிகள் படுத்தும் பாடு இருக்கிறதே, ஒன்றை ஒட்டினால் இன்னொன்று கழன்று விழும். கடைசியில் ரப்பர் பேண்ட் போட்டுக் காயவைத்தேன். முன்னுடலில் தகரக் கூரை போன்ற நெளிவரிகள் அபாரம், நகத்தால் வருடினாலே தெரிகிறது. தண்ணீரில் நனைத்து ஒட்ட வேண்டிய ஸ்டிக்கர்தான், போட்டதும் தூளாகிவிட்டது. ‘ஹானிபல்’ என்ற விமானத்தின் பெயரை நானே தூரிகையில் எழுதினேன், கொஞ்சம் கோணலாக.