நாற்பதடி பாக்ஸ்கார்: கேடீயா, இன்டர்மவுன்டனா, அக்யுரெயிலா?

அமெரிக்க ரயில்களை எச்.ஓ. அளவில் (அசலில் சுமார் 87-இல் ஒரு பங்கு) மாடலாக ஓட்டுபவர்களிடம் ஓயாமல் வரும் கேள்வி இது: "நாற்பதடி பாக்ஸ்கார் வாங்கணும். கேடீ, இன்டர்மவுன்டன், அக்யுரெயில், இதில் எது அசலுக்குக் கிட்டே வரும்?" மூன்றும் மாடல் செய்யும் கம்பெனிகள். பாக்ஸ்கார் என்பது எல்லாப் பக்கமும் மூடிய, பக்கத்தில் கதவுள்ள சரக்குப் பெட்டி. 1940-களிலும் 1950-களிலும் அமெரிக்கச் சரக்கு ரயில்களில் எங்கு பார்த்தாலும் இந்த நாற்பதடிப் பெட்டிதான். அந்தக் காலத்தை மாடலாக்கும் யாருக்கும் இதில் ஒன்றிரண்டு போதாது. பத்து, இருபது என்று தேவைப்படும். இங்கே தேர்வு தவறினால் ரயில் முழுக்கத் தவறாகிவிடும்.

மூன்றையும் மேசையில் அடுத்தடுத்து வைத்தால் கண் நேராகக் கேடீயிடம்தான் போகும். ஏணி சுவரை ஒட்டாமல் தனியாக நிற்கிறது. கால் வைத்து ஏறும் படி மெலிசான கம்பி போலவே இருக்கிறது. திருப்பிப் பார்த்தால் அடியில் பிரேக் சிலிண்டரும் அதற்குப் போகும் கம்பிகளும் குழாய்களும் தனித்தனியாகத் தெரிகின்றன. இன்டர்மவுன்டனும் ஏறக்குறைய அதே தரம். அக்யுரெயிலில் ஏணியும் கைப்பிடிகளும் சுவரோடு சேர்த்தே வார்க்கப்பட்டவை. பலரும் இதைப் பார்த்ததுமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. தப்பான பெட்டியில் எவ்வளவு அழகான ஏணி இருந்தாலும் அது தப்பான பெட்டிதான்.

ஏனென்றால் இந்த மூன்றும் ஒரே வண்டியின் மூன்று மாடல்கள் அல்ல. கேடீ செய்வது பி.எஸ்.-1. புல்மன்-ஸ்டாண்டர்டு கம்பெனி 1947-இல் தன் சொந்த வடிவமைப்பாகக் கொண்டுவந்து, எல்லா நீளங்களையும் சேர்த்தால் ஒரு லட்சத்துக்கும் மேல் கட்டிக் கொடுத்த பெட்டி அது. இன்டர்மவுன்டன் மாடலின் மூலம் அதற்கு முந்தைய தலைமுறை. ஏ.ஏ.ஆர். என்கிற அமெரிக்க ரயில்வேக்கள் சங்கம் 1937-இல் வகுத்த தர வடிவத்தை அரையடி உயர்த்திக் கட்டிய வகை. அதைப் பல தொழிற்சாலைகள் பல ரயில்வேக்களுக்குக் கட்டின. அக்யுரெயில் பொதுவான ஏ.ஏ.ஆர். எஃகுப் பெட்டியைப் போருக்குப் பிந்தைய தோற்றத்தில் தருகிறது. ஆகவே "எது சரியான மாடல்" என்ற கேள்விக்கு நேரான பதில் கிடையாது. எந்த ரயில்வேயின் எந்த எண்ணுள்ள பெட்டி, எந்த ஆண்டில் என்று சொன்னால்தான் பதில் சொல்ல முடியும்.

சரி, எப்படிச் சரிபார்ப்பது?

முதலில் பக்கச்சுவர். பி.எஸ்.-1 வெல்டிங் செய்த பெட்டி. தகடுகள் சேரும் இடத்தில் மெல்லிய கோடு மட்டும் தெரியும், ரிவெட் வரிசை இருக்காது. 1937 வகையில் ஒவ்வொரு தகட்டு ஓரத்திலும் மேலிருந்து கீழ்வரை ரிவெட் வரிசை ஓடும். உங்களுக்குப் பிடித்த பெட்டியின் பழைய படத்தில் அந்தப் புள்ளிவரிசை தெரிந்தால் கேடீ அங்கேயே போட்டியிலிருந்து விலகிவிடுகிறது. அதன் மற்ற சிறப்புகள் எதுவும் அந்த இடத்தில் உதவாது.

அடுத்தது உயரம். எச்.ஓ. என்பது 1:87.1, அதாவது அசலில் ஓர் அடிக்கு மாடலில் 3.5 மி.மீ. 1937 தர வடிவத்தின் உள்ளுயரம் 10 அடி. உயர்த்திய வகையில் 10 அடி 6 அங்குலம். மாடலில் அது 35 மி.மீ.க்கும் 36.75 மி.மீ.க்கும் உள்ள வித்தியாசம். ஒன்றே முக்கால் மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் இரண்டு பெட்டிகளை ஒன்றின் பின் ஒன்றாகக் கோர்த்தால் கூரைக்கோடு படி விழுவது தூரத்திலிருந்தே தெரியும். அசல் ரயில்களிலும் அந்த ஏற்ற இறக்கம் இருந்தது, எனக்கு மிகப் பிடித்த காட்சி அது. எல்லாப் பெட்டியும் ஒரே உயரத்தில் போகும் மாடல் ரயிலைப் பார்த்தால், யாரோ ஒரே கம்பெனி டப்பாக்களை வாங்கிக் கோர்த்தது போலத்தான் தோன்றும். 10 அடி உயரப் பெட்டி வேண்டுமென்றால் இந்த மூன்று மாடல்களையும் விட்டுவிட்டு, ரெட் கபூஸ் என்ற கம்பெனி செய்த 1937 மாடலைத் தேட வேண்டும்.

கதவு இன்னும் எளிது. 6 அடிக் கதவு 21 மி.மீ., 7 அடி 24.5, 8 அடி 28. வெர்னியரை வைத்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். கதவுப் பலகையை அளக்காமல் திறப்பை அளக்க வேண்டும், ஏனென்றால் பலகை திறப்பைவிடச் சற்று அகலமாகத்தான் இருக்கும். கேடீ இங்கே உண்மையாகவே உழைத்திருக்கிறது. ரயில்வேக்கு ரயில்வே கதவின் அகலத்தையும், யங்ஸ்டவுன் வகைக் கதவா சுப்பீரியர் வகைக் கதவா என்பதையும், கைபிரேக் சக்கரத்தின் வகையையும் மாற்றிப் போடுகிறார்கள். ஒரே வார்ப்பை வைத்துக்கொண்டு இருபது ரயில்வே பெயரை மட்டும் மாற்றி அச்சடிக்கும் பழக்கத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மரியாதை.

முனைச்சுவரைத்தான் நான் அதிக நேரம் பார்ப்பேன். எஃகுத் தகட்டை விறைப்பாக்க அதில் கிடைவரிகளைப் புடைக்க வைத்திருப்பார்கள். மேல்தகடு, கீழ்தகடு என்று பிரித்து அந்த வரிகளை எண்ண வேண்டும். 10 அடி உயரப் பெட்டியில் பெரும்பாலும் மேலே 4, கீழே 5. உயர்த்திய வகையில் பெரும்பாலும் 5/5. மூலையும் முக்கியம்: சதுர மூலையா, உருண்ட மூலையா என்பது ரயில்வேக்கும் ஆண்டுக்கும் தகுந்து மாறும். இன்டர்மவுன்டன் இரண்டு வகை முனைகளையும் தருவது அதன் தனிப்பலம். 1940-களின் நடுவிலிருந்து வந்த மேம்பட்ட முனைகளில் வரிகள் சப்பாத்திக் கட்டை போல நடுவில் பருத்து ஓரங்களில் குறுகும். அக்யுரெயிலின் முனை அந்தக் குடும்பம். புல்மன்-ஸ்டாண்டர்டின் முனை இவை எதிலும் சேராத தனி வடிவம், அதைக் கேடீ சரியாகப் பிடித்திருக்கிறது. மாடலைக் கையில் பிடித்து முனைச்சுவரின் மேல் பக்கவாட்டில் விளக்கு அடியுங்கள். நிழலில் வரிகள் எழுந்து நிற்கும், படத்தோடு வைத்து எண்ணலாம்.

கூரையும் இப்படித்தான். செவ்வகப் பலகங்கள் என்றால் போருக்கு முந்தைய அல்லது போர்க்காலப் பாணி, மூலைவிட்டப் புடைப்பு என்றால் போருக்குப் பின், போ-டை (வில்முடிச்சு) வடிவப் புடைப்பு என்றால் புல்மன்-ஸ்டாண்டர்டு. மாடல் ரயிலை நாம் மேலிருந்து பார்க்கிறோம். அதனால் கூரைத் தவறு மற்ற எந்தத் தவறையும்விட அதிகம் கண்ணில் படும். வாங்குபவர்கள் கடைசியாகக் கவனிப்பதும் அதைத்தான். கூரை நடைபலகையில்கூட அபெக்ஸ் வகை என்றால் சதுரக் கட்டம், மார்ட்டன் வகை என்றால் வட்டத் துளை. கேடீ இவற்றைத் தனியாகவும் விற்பதால் அக்யுரெயில் பெட்டிக்கும் மாற்றிப் போடலாம்.

இனி ஆதாரங்களுக்கு வருவோம், ஏனென்றால் மாடல்களைப் போலவே ஆதாரங்களுக்குள்ளும் போட்டி உண்டு. படம், வரைபடம், பதிவேடு என்று மூன்று.

பதிவேடு என்றால் அஃபிஷியல் ரயில்வே எக்விப்மென்ட் ரெஜிஸ்டர். ஒவ்வொரு ரயில்வேயும் தன்னிடமுள்ள வண்டிகளை எண் வரிசைப்படி அதில் பட்டியலிடும்: உள்நீளம், உள்ளகலம், உள்ளுயரம், கதவு அகலம், கன அளவு, தாங்கும் எடை. 1953 ஜனவரி இதழ் மறுபதிப்பாகவே புழங்குகிறது. 1950-களை மாடலாக்குபவர்களுக்கு அது ஒன்றே பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். மாடலின் பக்கத்தில் அச்சான எண்ணை எடுத்து அந்த வரியைத் தேடுங்கள். உள்ளுயரமோ கதவு அகலமோ பொருந்தவில்லை என்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை. ஆனால் வெல்டிங்கா ரிவெட்டா, முனையில் எத்தனை வரி, கூரை என்ன வகை என்பதெல்லாம் பதிவேட்டில் வராது. அதற்குப் படம் வேண்டும்.

வரைபடத்தை நம்பி ஏமாறுபவர்கள் நிறைய. நேர்த்தியாகக் கோடு போட்டு அளவு குறித்திருப்பதால் அதுதான் முடிவான சான்று என்று தோன்றும். அது பெரும்பாலும் ஒரே ஓர் ஆர்டருக்கு வரைந்தது. அடுத்த ஆர்டரில் கைபிரேக் மாறியிருக்கும், கதவு மாறியிருக்கும். என் வரிசை இதுதான்: பதிவேடு முதலில், அதே எண் தொடரைச் சேர்ந்த பெட்டியின் தேதியுள்ள படம் இரண்டாவது, வரைபடம் மூன்றாவது. படத்திலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொழிற்சாலை எடுத்த படம் பிறந்த நாளன்று பெட்டி எப்படி இருந்தது என்று மட்டுமே சொல்லும். பத்து வருடம் ஓடிய பிறகு எப்படி இருந்தது என்பதற்கு யார்டில் யாரோ எடுத்த படம்தான் கதி. கூரை தெரிய வேண்டுமென்றால் மேம்பாலத்திலிருந்து எடுத்த படங்களைத் தேட வேண்டும். நிறத்துக்கு மட்டும் எந்தப் பழைய வண்ணப்படத்தையும் நான் முழுதாக நம்புவதில்லை. ஃபிலிமும் மங்கும், பெயின்ட்டும் மங்கும்.

எழுத்துகளைப் பார்க்காமல் சரிபார்ப்பு முடிந்தது என்று சொல்லக் கூடாது. பக்கச்சுவரின் இடப்பாதியில், எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் சுமை வரம்பும் வெற்று எடையும் இருக்கும். லென்ஸ் வைத்துப் படித்து இரண்டையும் கூட்டுங்கள். அந்தக் காலத்து 50 டன் பெட்டிக்கு 1,69,000 பவுண்டு வர வேண்டும். வெற்று எடை 45,600 என்றால் சுமை வரம்பு 1,23,400. கூட்டுத்தொகை சரியாக வந்தால், அசல் பெட்டியின் எழுத்தைப் பார்த்துத்தான் அச்சடித்திருக்கிறார்கள் என்று ஓரளவு தைரியமாக நம்பலாம். பக்கத்திலேயே கடைசியாக எடை போட்ட மாதமும் ஆண்டும் இருக்கும். புதுப்பெட்டியில் அந்த இடத்தில் "நியூ" என்று கட்டிய தேதியோடு எழுதியிருக்கும். சில வருடங்களுக்கு ஒருமுறை மறுபடி எடை போட்டாக வேண்டும் என்பதால், 1948-இல் கட்டிய பெட்டி 1956-இலும் அதே "நியூ" எழுத்தோடு ஓடாது. இது கேடீ வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய இடம், ஏனென்றால் அந்தக் கம்பெனியின் பெட்டிகள் பெரும்பாலும் அன்றைக்குத்தான் தொழிற்சாலையை விட்டு வந்த கோலத்தில் வருகின்றன. அந்தச் சின்ன இடத்தில் பெயின்ட் தொட்டு புதிய டெக்கால் (ஒட்டெழுத்து) ஒட்டினால் போதும்.

ஆண்டு என்றதும் இன்னும் சில எல்லைகள். கே என்ற பழைய வகைக் காற்று பிரேக் உள்ள பெட்டிகள் 1953-க்குப் பிறகு மற்ற ரயில்வேக்களின் பாதைகளில் போக முடியாது. 1966-க்குப் பிறகு கட்டிய பாக்ஸ்காருக்குக் கூரை நடைபலகை கிடையாது. பாதையோரக் கருவி வண்டியை அடையாளம் காண ஒட்டிய, வண்ணக் கோடுகள் கொண்ட கார்ட்ராக் அட்டை 1967 முதல் 1977 வரைக்கும்தான். உங்கள் ரயில் 1944-இல் ஓடுகிறது என்றால் கேடீயைப் பற்றிய பேச்சே தேவையில்லை, பி.எஸ்.-1 அப்போது பிறக்கவில்லை.

சில ரயில்வேக்களுக்கு இந்த மூன்றுமே உதவாத இடங்கள் உண்டு. பென்சில்வேனியா ரயில்வேக்குத் தன் சொந்த வடிவமைப்பான எக்ஸ்29, வட்டக்கூரை எக்ஸ்31 எல்லாம் இருந்தன. பால்டிமோர் அண்ட் ஒஹாயோவின் எம்-53-இல் கூரைத் தகடு வளைந்து அப்படியே பக்கச்சுவராக இறங்கும். மில்வாக்கி ரோடு தன் பட்டறையிலேயே கட்டிய பெட்டிகளில் பக்கச்சுவர் முழுக்கக் கிடைவரிகள் ஓடும். இவற்றின் பெயரையும் எண்ணையும் ஏதாவது ஒரு சாதாரண நாற்பதடி உடலில் அச்சடித்து விற்பது காலங்காலமாக நடக்கிறது. பென்சில்வேனியா பெயரைப் பார்த்ததுமே எண்ணைப் பதிவேட்டில் தேடிவிடுங்கள்.

ஆதெர்ன் என்ற மாடல் கம்பெனி நீல அட்டைப்பெட்டியில் விற்ற பழைய கிட் (நாமே கோர்த்துக் கட்டும் தொகுப்பு) பற்றியும் கேட்பார்கள். கதவைப் பிடித்திருக்கும் நகம் போன்ற கொக்கிகளும் தடித்த நடைபலகையும் அசலில் இல்லாதவை. அழுக்குப் பூசி ரயிலின் பின்பக்கத்தில் விடலாம், அவ்வளவுதான்.

சக்கரத்தில் மூன்று பேரும் ஒன்றுதான். மாடல் சக்கரத்தின் வழக்கமான அகலம் 0.110 அங்குலம்; 87 மடங்கு பெருக்கினால் ஒன்பதரை அங்குலம் வரும், அசலில் ஆறு அங்குலம்கூட இல்லை. 0.088 அங்குலச் சக்கரம் மாற்றினால் பின்னாலிருந்து பார்க்கும்போது நன்றாகவே வித்தியாசம் தெரியும். பெட்டிகளைக் கோர்க்கும் கப்ளிங்கும் அப்படித்தான். கேடீயின் 5-ஆம் எண் அசலைவிடப் பெரிய தலை, 58-ஆம் எண் நெருங்கி வரும்.

1947-க்குப் பிந்தைய வெல்டிங் பெட்டி, எண் பதிவேட்டோடு பொருந்துகிறது என்றால் கேடீக்கு மேல் எதுவும் இல்லை. விலையைப் பார்க்காமல் வாங்கலாம். 1930-களின் கடைசியிலிருந்து 1940-களின் நடுவரை கட்டிய உயரமான ரிவெட் பெட்டிக்கு இன்டர்மவுன்டன், ஆனால் படிகளும் நடைபலகையும் மெல்லியவை, கையாளும்போது கவனம் வேண்டும். போருக்குப் பிந்தைய ரிவெட் பெட்டிகள் இருபது வேண்டும், கையில் பணம் குறைவு என்றால் தயங்காமல் அக்யுரெயில். அடிப்படை அளவுகள் சரியாக இருக்கின்றன, வார்த்த ஏணியை உளியால் சீவி எடுத்துவிட்டுத் தனி ஏணி ஒட்ட ஒரு சாயங்காலம் போதும். ஒன்றே ஒன்று வாங்கப் போகிறீர்கள் என்றால் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்களுக்குப் பிடித்த ஒரு பழைய ரயில் படத்தை எடுத்து, அதில் எண் தெளிவாகத் தெரியும் பாக்ஸ்கார் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.