பனாமா கால்வாய்: முழுசா கடப்பதா, பாதியில் திரும்புவதா?

உல்லாசக் கப்பலில் பனாமா கால்வாய் பார்க்க இரண்டு வழி. கரீபியனில் நுழைந்து பசிபிக்கில் இறங்கலாம். அல்லது கால்வாயின் நடுவே உள்ள காட்டூன் ஏரி வரை ஏறிவிட்டு வந்த வழியே திரும்பலாம்.

பாதிப் பயணத்தைக் குறைத்து எடைபோட வேண்டாம். மூன்று படிகளில் கப்பல் 26 மீட்டர் உயரும் அதிசயம் இதிலேயே கிடைத்துவிடும். 1914-இல் திறந்த பழைய பாதையில், தண்ணீர் நிரப்பிக் கப்பலை உயர்த்தும் தொட்டியின் அகலம் 33.5 மீட்டர்தான். பெரிய கப்பல் நுழைந்தால் பக்கத்துக்கு ஒன்றரை முழம்கூட இடைவெளி மிஞ்சாது. கீழ்த்தளத்தில் நின்றால் ஈரம் கசியும் கான்கிரீட் சுவர் மெல்ல மெல்லக் கீழே இறங்குவதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். பம்ப் எதுவும் இல்லை. ஏரித் தண்ணீர் தானாகப் பாய்ந்தே அவ்வளவு பெரிய கப்பலைத் தூக்குகிறது! புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்புவதால் பெரும்பாலும் நாளும் செலவும் குறைவு.

ஆனால் கூலேப்ரா வெட்டு முழுப் பயணத்தில்தான். மலையைப் பிளந்த அந்த இடுக்கில் கப்பல் ஊர்ந்து போகும். கால்வாயை அமெரிக்கர் கட்டிய காலத்தில் மட்டும் 5,600-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். பலர் பார்படோஸ் போன்ற தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத்தவர். அந்த வெட்டைப் பார்க்கவே நான் முழுப் பயணத்தைச் சொல்வேன். காலையில் ஒரு கடல், மாலையில் வேறொரு கடல்.