விண்டோஸ் அப்டேட்: ராத்திரியில் விடுவதா, கையால் இறக்குவதா?

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு லேப்டாப்புக்கு நெட் என்றால் என் போனின் ஹாட்ஸ்பாட்தான், ஒரு நாளைக்கு 1.5 ஜிபி, அம்மா சீரியல் பார்ப்பதும் அதே போனில்தான்.

விண்டோஸ் அப்டேட்டைச் சமாளிக்க ஒரு வழி, ‘ஆக்டிவ் ஹவர்ஸ்’ (நாம் லேப்டாப்பைப் பயன்படுத்தும் நேரம்) போட்டுவிட்டு மறந்துவிடுவது. பலரும் நினைப்பதுபோல இது டவுன்லோடை ராத்திரிக்குத் தள்ளாது, அந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆவதை மட்டும்தான் தடுக்கும். காலை பத்து மணிக்கே பின்னணியில் டேட்டா கரைந்துகொண்டிருக்கும். அன்லிமிடெட் பிராட்பேண்ட் வைத்திருப்பவர்களுக்கு இது போதும்.

இன்னொன்று, வைஃபை செட்டிங்ஸில் அந்த ஹாட்ஸ்பாட்டுக்கு ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ ஆன் செய்வது, அதாவது இந்த நெட்டில் டேட்டா அளவானது என்று விண்டோஸுக்குச் சொல்லிவைப்பது. பெரும்பாலான அப்டேட்கள் நாம் அழுத்தும்வரை காத்திருக்கும். எனக்கு இதுதான் சரி. மாதத்தின் இரண்டாவது செவ்வாய் அமெரிக்காவில் வெளியாகும் பேட்ச் (பிழைகளைச் சரிசெய்யும் அப்டேட்) நமக்குப் புதன் காலைக்குள் வந்துவிடும், அன்று ராத்திரி பதினொன்றே காலுக்கு, தெருவே அடங்கின பிறகு, போனை ஜன்னல் கம்பி ஓரமாகச் சாய்த்து வைத்து, மிச்ச டேட்டா எவ்வளவு என்று பார்த்துவிட்டு டவுன்லோடை அழுத்துவேன். எப்படியும் பன்னிரண்டு மணிக்கு அது காலாவதிதானே! என்ன, மறந்தால் பாதுகாப்பு பேட்ச்சும் தள்ளிப்போகும். அதற்கு ஒரு அலாரம் வைத்திருக்கிறேன்.