400 டாலருக்குள் ஒரு செமி ஆட்டோமேட்டிக்: ரூகர் 10/22 எடுத்த கதை

கையில் 400 டாலர்தான் இருக்கிறது, செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் (ட்ரிகரை இழுக்க இழுக்க அடுத்த தோட்டா தானாக ஏறுகிற நீளத் துப்பாக்கி) ஒன்று வேண்டும் என்றால், .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) என்கிற சின்னத் தோட்டா போடுகிற துப்பாக்கியைத் தவிர வேறு பக்கம் திரும்பாதீர்கள். துப்பாக்கிக்கு ஒரு தடவை காசு கொடுத்தால் போதும். தோட்டாவுக்கு ஆயுசு பூராவும் கொடுக்க வேண்டும். இதை யோசிக்காமல், ராணுவத் துப்பாக்கிச் சாயலில் வருகிற ஏ.ஆர்-15 ரைஃபிளில் மலிவானதை வாங்கி, இரண்டு தடவை சுட்டுவிட்டு அலமாரியில் பூட்டி வைத்திருக்கிற நம்மாட்களை எனக்குத் தெரியும்.

நான் இருப்பது டெக்சாஸில், ஆஸ்டினுக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர். கேஸ் ஸ்டேஷன் கடை ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். மென்பொருள் சம்பளம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் என்.சி.சி.யில் இருந்தபோது முகாமில் தார்ப்பாயின் மேல் குப்புறப் படுத்து, ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இழுத்து ஏற்றுகிற .22 போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கியில் சுட்டிருக்கிறேன். ஆளுக்கு ஐந்தே தோட்டா. அதற்கு அரை நாள் வரிசை. வயிறு நிறையச் சுட வேண்டும் என்ற ஆசை அன்றைக்கு விழுந்தது. எனக்கு வேண்டியது அட்டையில் துளை போடுவதும், தகர டப்பாவைக் கவிழ்ப்பதும். மான் வேட்டைக்கு என்றால் இதைப் படிக்காதீர்கள், டெக்சாஸில் .22 மாதிரி ரிம்ஃபயர் (அடி விளிம்பில் தட்டினால் வெடிக்கிற) தோட்டாவால் மானைச் சுடவே கூடாது.

துப்பாக்கிக்குள் போவதற்கு முன் விசா விஷயம். ஹெச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் அதை வக்கீலிடம் கேளுங்கள், கவுன்டரில் நிற்பவரிடம் கேட்காதீர்கள். ரேஞ்சில், அதாவது சுடும் மைதானத்தில், வாடகைக்கு எடுத்துச் சுடுவதற்கும் இதே தடைதான். கிரீன் கார்டு, குடியுரிமை உள்ளவர்களுக்குப் பிரச்சினை இல்லை: துப்பாக்கி வாங்குவதற்கான படிவம் 4473 நிரப்ப வேண்டும், கடைக்காரர் என்.ஐ.சி.எஸ். என்கிற கூட்டாட்சிப் பின்னணிச் சோதனைக்கு அனுப்புவார். அந்தச் சோதனை முறை 1998 நவம்பரிலிருந்து இருக்கிறது. பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ‘நீ எடு மாப்ள, நான் காசு தர்றேன்’ என்று நண்பருக்காக உங்கள் பெயரில் வாங்குவது கூட்டாட்சிக் குற்றம். மாநிலத்துக்கு மாநிலம் வேறு விதிகளும் உண்டு. கலிஃபோர்னியாவில் 10 நாள் காத்திருக்க வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் 2018 வாக்கெடுப்புக்குப் பிறகு, இந்தச் சாது .22 உட்பட எந்த செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளுக்கும் 21 வயதும் பயிற்சிச் சான்றும் வேண்டும்.

இனி கணக்கு. மலிவான ஏ.ஆர்-15 இப்போது 450, 500 டாலருக்கே கிடைக்கிறது. அதற்கான .223 தோட்டா ஒன்று ஏறக்குறைய 50 சென்ட். .22 எல்.ஆர். தோட்டா ஒன்று 8 சென்ட். சனிக்கிழமை மத்தியானம் 200 தோட்டா சுட்டால் ஒன்றில் 100 டாலர், மற்றதில் 16 டாலர். பத்து சனிக்கிழமைக்கு 1000 டாலருக்கும் 160 டாலருக்கும் இருக்கிற வித்தியாசத்தில் இன்னும் இரண்டு ரைஃபிள் வாங்கலாம். இதற்கு மேல் விளக்க ஒன்றும் இல்லை.

எங்கள் ஊர்க் கடையில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று வைத்துக் காட்டினார்கள்: ரூகர் 10/22, சாவேஜ் 64, பழைய மார்லின் மாடல் 60. நான் ஒவ்வொன்றாகத் தோளில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். “நகைக் கடையில என்கூடக் கால் மணி நேரம் நிக்க மாட்டீங்க” என்றாள் மனைவி. நியாயம்தான்.

மார்லினைத்தான் முதலில் கையில் எடுத்தேன், அழகுக்காக. தோளில் வைக்கிற கட்டை வால்நட் நிற மரம், நீளமான குழல். 1960இல் வந்த மாடல். குழலுக்குள், தோட்டாவைச் சுழற்றி விடுவதற்கு ‘மைக்ரோ குரூவ்’ என்கிற 16 சுருள்வரிகள். துல்லியத்துக்குப் பேர் போனது. மேகசின் (தோட்டா அடைக்கிற பெட்டி) தனியாகக் கிடையாது. குழலுக்குக் கீழே இன்னொரு குழாய் ஓடுகிறது. அதன் உள்தண்டை இழுத்துவிட்டுத் தோட்டாவை ஒவ்வொன்றாக உள்ளே போட வேண்டும். எனக்கு இங்கேதான் இடித்தது. துப்பாக்கி காலியா என்று பார்க்கும்போது, பிடுங்கக்கூடிய மேகசின் என்றால் கையில் எடுத்துவிட்டு, குழலின் பின்முனையில் தோட்டா உட்காருகிற அறையைப் பார்த்தால் முடிந்தது. குழாயில் ஒரு தோட்டா எங்காவது ஒட்டிக்கொண்டு நின்றால் கண்ணுக்குத் தெரியாது. புதிதாகக் கற்பவர்கள் கையில் கொடுக்கப் போகிற துப்பாக்கியில் இது சின்ன விஷயம் இல்லை. போதாததற்கு, மார்லினை வைத்திருந்த ரெமிங்டன் நிறுவனம் 2020இல் திவாலாகி, மார்லின் பெயரை ரூகரே வாங்கிக்கொண்டது. மாடல் 60 இப்போது தயாரிப்பில் இல்லை. பழசு நல்ல விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம். ஆனால் உள்ளே பின்பக்கம் அடி தாங்குவதற்கு இருக்கிற பிளாஸ்டிக் பஃபர் நொறுங்கியிருக்கிறதா என்று கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

சாவேஜ் 64 மூன்றிலும் விலை குறைவு. 200 டாலரை ஒட்டிக் கிடைக்கும். கனடாவில், ஒன்டாரியோவின் லேக்ஃபீல்டில் செய்வது. 10 தோட்டா மேகசின், கறுப்பு பிளாஸ்டிக் கட்டை. அலங்காரம் ஒன்றும் இல்லை, சுடத் தெரியும், அவ்வளவுதான். இடது கைக்காரர்களுக்கென்று வெற்றுக்கூடு இடது பக்கம் தெறிக்கிற மாடலும் போடுகிறார்கள். இந்த விலையில் அதைச் செய்கிற ஆள் வேறு யாரும் என் கண்ணில் படவில்லை. நீங்களோ உங்கள் பிள்ளையோ இடது கை என்றால் இதையே எடுங்கள்.

எனக்கு வலது கை. 10/22 எடுத்தேன்.

1964இல் வந்த துப்பாக்கி இது. இன்றுவரை நிற்கக் காரணம் அந்த 10 தோட்டா மேகசின் என்பது என் கட்சி. .22 தோட்டாவின் அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். அதைச் சாதாரணப் பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டும், மாட்டினால் சிக்கும். ரூகர்காரர்கள் பெட்டிக்குள் ஒரு சுழலியை வைத்து, ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனிக் குழி கொடுத்துவிட்டார்கள். விளிம்போடு விளிம்பு மோத வழியே இல்லை. இந்தச் சுழலியால்தான் மேகசின் குட்டையாக, கட்டைக்கு வெளியே நீட்டாமல் வயிற்றோடு வயிறாக உட்கார்ந்துகொள்கிறது. துப்பாக்கியை நடுவில் பிடித்துத் தூக்கினால் உள்ளங்கைக்கு எதுவும் தட்டுப்படாது. கூடுதல் மேகசின் 20 டாலர் சுமார், எந்தக் கடையிலும் கிடைக்கும். 25 தோட்டா மேகசினும் உண்டு. அதை வாங்கினால் தோட்டா சீக்கிரம் தீரும், வேறு பயன் எனக்குத் தெரியவில்லை. சில மாநிலங்களில் சட்டமும் விடாது.

எடை 5 பவுண்டு, அதாவது இரண்டே கால் கிலோ. குழல் 18.5 அங்குலம். தோளில் உதை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. என் மனைவி முதல் மேகசினை முடித்துவிட்டு இன்னொன்றை நீட்டச் சொன்னாள். அதற்குப் பிறகு நகைக் கடைப் பேச்சு வரவில்லை.

உள்ளே இருக்கிற வேலைப்பாடு எளிமை. தோட்டாவின் விசையே போல்ட்டை, அதாவது அறையின் பின்வாயை மூடி நிற்கிற இரும்புக் கட்டியை, பின்னால் தள்ளும், வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும், சுருள்வில் போல்ட்டை முன்னால் தள்ளும்போது அடுத்த தோட்டா ஏறும். ட்ரிகரை ஒரு தடவை இழுத்தால் ஒரே தோட்டா. கழற்றுவதற்குக் கட்டையில் ஒரு திருகு, பிறகு கையால் தள்ளினாலே வந்துவிடுகிற ஊசிகள். குழலைப் பிடித்திருப்பது ஒரு சின்ன இரும்புத் துண்டும் இரண்டு திருகும். ஆலன் சாவி இருந்தால் வீட்டு மேசையிலேயே குழலை மாற்றலாம். அதனால்தான் இதற்கென்று கட்டை, குழல், ட்ரிகர் என்று உதிரிபாகம் செய்கிற நிறுவனங்களே ஏகப்பட்டது முளைத்துவிட்டன. அந்தப் பக்கம் போகாதீர்கள், போனால் 400 டாலர் 1400 ஆகும்.

குறை இல்லாமல் இல்லை. கடைசித் தோட்டா போனதும் போல்ட் தானாகப் பின்னால் நிற்காது. ‘டிக்’ என்று வெறும் சத்தம் கேட்டுத்தான் தீர்ந்தது தெரியும். போல்ட்டைப் பின்னால் நிறுத்த ட்ரிகருக்கு முன்னால் ஒரு நெம்புகோல் இருக்கிறது, அதற்குப் பழகுகிற வரை விரல் தடுமாறும். ட்ரிகர் கனம். என்.சி.சி. துப்பாக்கியில் மூச்சைப் பிடித்து மெல்ல அழுத்தியவர்களுக்கு இது மணலில் இழுக்கிற மாதிரி இருக்கும். ரூகரே விற்கிற பி.எக்ஸ். ட்ரிகர் போட்டால் சரியாகிவிடும். அது 90 டாலர் சுமார். நான் போடவில்லை. கனமான ட்ரிகரில் பழகினால் விரல் ஒழுங்காகும் என்பது ஒரு காரணம், காசு இன்னொன்று. முன்பக்கக் குறிமணி பெரிதாக இருக்கிறது. 50 கெஜத்தில் சின்ன வட்டத்தை அது முழுசாக மறைத்துவிடும். 25 கெஜத்துக்குத் தாராளம்.

தோட்டா விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம். .22 செமி ஆட்டோவில் சிக்கினால் பாதிக்கு மேல் குற்றம் தோட்டாவுடையது. வேகம் குறைந்த தோட்டாவுக்குப் புது போல்ட்டை முழுசாகத் தள்ளப் பலம் போதாது. சி.சி.ஐ. கம்பெனியின் மினி மேக் தோட்டா, குண்டின் எடை 40 கிரெயின், வேகம் வினாடிக்கு 1235 அடி. முதல் சில பெட்டி இதைப் போட்டுப் பழக்குங்கள். விலை கொஞ்சம் கூடுதல். பிறகு 500 தோட்டா மொத்தப் பெட்டிக்கு மாறலாம். மொத்தப் பெட்டியில் அங்கங்கே ஒன்று வெடிக்காமல் போகும். அப்போது உடனே திறக்காதீர்கள், குழலை இலக்கை நோக்கியே அரை நிமிஷம் வைத்திருந்துவிட்டு எடுங்கள். சின்னத் தோட்டா என்று இளக்காரம் வேண்டாம். ஒன்றரை மைல் வரை போகும் என்று தோட்டாப் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறார்கள். பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் சுடாதீர்கள். காதுக்கவசம் .22க்கும் வேண்டும். ஈயம் ஒட்டுகிற வேலை, கை கழுவாமல் கட்டுச்சோற்றைப் பிரிக்காதீர்கள்.

என் பில் இது: ரைஃபிள் 280, டெக்சாஸ் வரி 8.25 சதவீதம் சேர்த்து 303. 500 தோட்டா, காதுக்கவசம், கண்ணாடி, ஒரு உபரி மேகசின் எல்லாம் வரியோடு 92. மொத்தம் 395. துப்பாக்கிக்கான பூட்டு ஒன்று அதன் பெட்டியிலேயே வந்தது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அந்தப் பூட்டை மட்டும் நம்பாமல் பூட்டுகிற பெட்டி ஒன்றுக்கும் காசு ஒதுக்குங்கள். டெக்சாஸில் தோட்டா ஏற்றிய துப்பாக்கியை அஜாக்கிரதையாக விட்டுவைத்து, அது 17 வயதுக்கு உட்பட்டவர் கைக்குப் போய்விட்டால் உங்கள் மேல் குற்றம்.

ஸ்கோப் (குறிபார்க்கிற தொலைநோக்கி) வாங்கவில்லை. மாட்டுவதற்கான தளம் பெட்டியிலேயே வருகிறது. 40 டாலர் ஸ்கோப்பைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்தக் காசுக்கு இன்னொரு 500 தோட்டா வாங்குங்கள்.