செல்லுலார் சிறையா, ராஸ் தீவா?

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துத் தமிழர்கள் அந்தமான் கிளம்பும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழுகிறது: ஒரே பகல்தான் கையில் இருக்கிறது, எதைப் பார்ப்பது?

செலவு
சிறை: போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஆட்டோவும் நுழைவுச் சீட்டும் போதும்.
தீவு: படகு டிக்கெட் தனி. கடல் கொந்தளித்தால் படகு ஓடாது.

வரலாறு
சிறை: 1906இல் கட்டி முடித்தது. ஏழு சிறகுகளில் மூன்றே மிச்சம். ஒரு சிறகின் முகப்பு அடுத்த சிறகின் முதுகைப் பார்க்கும். கைதிக்கு இன்னொரு முகம் தெரியவே கூடாது. செக்கில் பூட்டப்பட்டவன் நாளுக்கு 30 பவுண்டு தேங்காயெண்ணெய் ஆட்ட வேண்டும். குறைந்தால் சவுக்கடி. 1921 மலபார் கிளர்ச்சிக்குப் பின் மாப்பிளா (மலபார் முஸ்லிம்) கைதிகளும் அந்தமானுக்கு அனுப்பப்பட்டார்கள். தெற்கு அந்தமானில் நம் மண்ணார்க்காட்டின் பெயரில் ஓர் ஊரே இருக்கிறது.
தீவு: கைதிகளின் உழைப்பில் எழுந்த ஆங்கிலேயத் தலைமையகம். 1941 நிலநடுக்கத்துக்குப் பின் கைவிடப்பட்டது. 2018 முதல் நேதாஜி பெயரில்.

பேய்க்கதை
சிறை: இரவில் முனகல் கேட்குமாம். அங்கே நடந்ததற்குப் பேய் எதற்கு?
தீவு: பேர் வாங்கியது இதுதான். தேவாலயச் சுவரை மர வேர்கள் கவ்விப் பிடித்திருக்கின்றன, ஜன்னல் இருந்த இடத்தில் வேர்ச்சட்டம். இரவில் தங்க அனுமதியில்லை.

வரலாறு வேண்டுமென்றால், பெரியவர்கள் உடன் வந்தால், சிறைதான். படம் எடுப்பவர்களும் மான்களைத் துரத்தும் பிள்ளைகளும் தீவுக்குப் போகலாம். என் ஓட்டு சிறைக்கு. மாலை ஒலி-ஒளிக் காட்சிக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுங்கள்.